ஸ்பீக்கரில் கேட்ட குரல்

போன வருடம் மழைக்காலம் முடியும் சமயம், ஒரு சனிக்கிழமை மதியம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு இரண்டு பேரை என் டாக்சியில் ஏற்றிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் வில்பட்டி. இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டித்தான் பிழைப்பு. பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்கு, முன்னால் டிரைவர் என்று ஒருவன் இருப்பதே பாதி வழியில் மறந்துபோகும். குடும்பச் சண்டை, கட்சி விவகாரம் என்று எல்லாவற்றையும் பேசுவார்கள். நானும் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

சவரிக்காடு தாண்டும்வரை இருவரும் நல்ல தூக்கம். பிறகு ஒருவனுக்கு போன் வந்தது. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைண்ணே. வெள்ளனே எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருவாங்க, இவங்களும்தான். அக்கம்பக்கத்துல ஒரு ஆளு இருக்காது. பின்வாசப் பூட்டு லேசானது. பீரோ மாடியில இருக்கு" என்றது மறுமுனை.

பேசிய விஷயத்தைவிட, பேசிய குரல்தான் என்னை உலுக்கியது. அது என் மனைவியின் தம்பி. முந்தின நாள் சாயங்காலம்கூட என் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனவன். கொடைக்கானலில் நாலைந்து பங்களாக்களில் தோட்ட வேலை பார்த்தான். அதில் ஒன்றில் வயதான தம்பதி மட்டும் இருந்தார்கள். சரிவில் தனியாக நிற்கும் வீடு. புதன்கிழமை மட்டும் அங்கே போய்வருவான். அவன் சொன்னது எந்த வீட்டை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

போனை வைத்ததும் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆனால் வளைவில் வண்டி மெதுவாகப் போனதால் எனக்குக் கேட்டது. அந்த வீட்டை முந்தின நாள்தான் அவர்களில் ஒருவன் நோட்டம் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பெரியவர் வியாழக்கிழமை வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்திருக்கிறாராம். அதனால் நாளைக்கு இருவருமே வீட்டில்தான் இருப்பார்களாம்.

"போன்ல பேசுனவன்ட்ட அதைச் சொல்லாத. பயந்துருவான்" என்றான் ஒருவன்.

"அதுக சத்தம் போட்டா?"

"போட விட்டாத்தான."

அதற்குப் பிறகு எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, நேராக வில்பட்டிக்கு விட்டேன். மனைவி முற்றத்தில் பூண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

மச்சினனைக் கூப்பிட்டு நாலு அறை விட்டு, இதிலிருந்து விலகச் சொல்லலாம் என்பது என் யோசனை. போலீஸ், கேஸ் என்று எதுவும் இல்லாமல் வீட்டோடு முடிந்துவிடுமே. அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அவன்ட்ட சொன்னா அவன் அவங்ககிட்டச் சொல்லிருவான். நாளைக்கு விட்டுட்டு இன்னொரு நாள் வருவாங்க. நீங்க ஸ்டேசனுக்குப் போங்க. நானும் வாரேன்."

அவன் உன் தம்பி என்றேன்.

"தம்பிதான். அந்த வீட்டுல உசுரு போச்சுன்னா அவனும் கொலகாரன்தானங்க."

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவளே முதலில் வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் அழுதாள். ஆனால் ஒரு இடத்திலும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். நான் அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. இன்னும் எதுவும் நடக்கவில்லை, வெறும் பேச்சுதான், இதற்கெல்லாம் வரலாமோ என்னவோ என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"நடந்தப்புறம்தான் சொல்லணும்னு இல்லீங்க" என்றார் அவர். "கொலை, கொள்ளைக்குத் திட்டம் போடுறாங்கன்னு தெரிஞ்சாலே போலீசுக்குச் சொல்லணும். அது எல்லாரோட கடமைன்னு சட்டத்துலயே இருக்கு. தெரிஞ்சும் மறைச்சாத்தான் தப்பு."

எங்கள் பெயரை வெளியே விடமாட்டோம் என்றும் சொன்னார். லாட்ஜ், ஆட்களின் அடையாளம், பேசிய பேச்சு எல்லாம் சொல்லி முடித்தேன். போனில் பேசியது யார் என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினேன். பக்கத்தில் இருந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "போன்ல பேசுனது என் தம்பிங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே தம்பதியை உறவினர் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். மறுநாள் காலை நாங்கள் இருவரும் வாயில் தண்ணீர்கூட விடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாக இன்ஸ்பெக்டரே கூப்பிட்டார். பின்வாசல் பூட்டை உடைக்கும்போதே இருவரும் பிடிபட்டார்கள். பையில் கயிறும் கத்தியும் இருந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. மனைவி முதலில் அந்தப் பெரியவரைப் பற்றித்தான் கேட்டாள். பிறகுதான் தம்பியைப் பற்றி. அவன் மேல்ரோட்டில் பைக்கோடு காத்து நின்றிருக்கிறான். போலீசைப் பார்த்ததும் ஓடக்கூட இல்லை, அவர்களோடு போயிருக்கிறான்.

சில மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, "நாங்கதான்டா சொன்னோம்" என்று அக்காவே அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும்க்கா. அவனுங்க மாமா வண்டியில வந்ததா சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "ஸ்டேசன்ல அந்தக் கத்திய எடுத்து மேசையில வச்சாங்க மாமா. வீடு பூட்டிக் கெடக்கும்னுதான் நான் நெனச்சிருந்தேன். அதைப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. நல்லவேளை, சொன்னீங்க."

கேஸ் இன்னும் நடக்கிறது. தண்டனை எதுவானாலும் அனுபவித்துத்தான் ஆகவேண்டும் என்று அவனே சொல்கிறான். பங்களா வேலைக்கு இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். மனைவி பார்த்துக்கொள்ளும் எங்கள் சின்னக் கேரட் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அந்தப் பெரியவருக்குக் கால் தேறிவிட்டது. மனைவியோடு ஏரியைச் சுற்றி மெல்ல நடந்து போவதை வண்டியிலிருந்து பார்ப்பேன். விஷயத்தைச் சொன்னது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அன்று ஸ்டேஷன் படியேறியபோது மச்சினனைத் தொலைக்கப் போகிறோம் என்றே நினைத்தேன். இன்று அவன் எவர் ரத்தமும் படியாத கையால் எங்களோடு உட்கார்ந்து சோறு பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம், வாய் திறந்து சொன்ன அந்த ஒரு மதியத்துக்காக மனசு நிம்மதியாக மூச்சு விடுகிறது.