அக்கியும் அவள் வலது கண்ணும்

எங்கள் வீட்டில் அக்கி என்றால் முதலில் அரிசிதான். என் மனைவி கன்னடம் பேசும் குடும்பத்துப் பெண். மாரண்டஹள்ளிக்கு வாழ வந்து இத்தனை வருஷம் ஆகியும் எண்ணுவதும் திட்டுவதும் சமைப்பதும் கன்னடத்தில்தான். கல்யாணமான புதிதில், "அக்கி தீந்துபோச்சுங்க, வாங்கிட்டு வாங்க" என்றாள். "அதைப் போய் யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று கேட்டேன். தமிழில் அது தோலில் கொப்புளமாகக் கிளம்பி எரிகிற நோயல்லவா! எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் அதையே நடுவில் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்; அவருக்கு அது நெருப்பு. தீப்பெட்டி அவர் வாயில் அக்கிபெட்டி.

எனக்கு இப்படிச் சொற்களைக் கிளறிப் பார்க்கிற பித்து உண்டு. நம் அரிசியும் கன்னட அக்கியும் ஒரே வேரில் கிளைத்தவை என்கிறார்கள். நோயின் பெயர் அக்கினியிலிருந்து வந்ததாம். அப்படியானால் எதிர்வீட்டு நெருப்புக்கும் நம் கொப்புளத்துக்கும்தான் உறவு; அரிசி யாரோ எவரோ. சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னால், "சோறு ஆறுதுங்க" என்பாள்.

போன ஆவணியில் அவளுக்கே அக்கி வந்தது. வலது நெற்றியில் ஆரம்பித்து இமைவரை இறங்கிவிட்டது. நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நெற்றி முழுக்கக் குழைத்த செங்காவி. இமைமேலும் ஒரு கோடு. கண் சிவந்து நீர் வழிந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"கண்ணு போயிரும். கெளம்பு தருமபுரிக்கு."

"காவி தானா உதிரணும்ங்க. டாக்டர் தொடைச்சு வுட்டுட்டா எழுதினது வீணு."

"வீணாப் போவட்டும்!"

"எரியறது உங்களுக்கில்லைங்க. இதை எழுதின பொறவுதான் கொஞ்சம் குளுந்துது."

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. பயமாக இருந்தது. "தொடைக்காம பாக்கச் சொல்லி நான் கேக்கறேன், வா" என்றேன். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கண் டாக்டர் ஒரு இளம்பெண். நான் கேட்டதும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நெத்தியில இருக்கறது இருக்கட்டும்ங்க. இமையில மட்டும் தொடைச்சுக்கறேன்" என்றார். மனைவி யோசித்துத் தலையாட்டினாள். அந்த ஒற்றைக் கோடு பஞ்சில் சிவப்பாக வந்தது. அக்கி கருவிழியைத் தொட்டுவிட்டது என்று சொல்லி மாத்திரையும் சொட்டுமருந்தும் எழுதினார். பார்வை பழையபடி திரும்பும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

கொப்புளம் காய்ந்தது, காவியும் உதிர்ந்தது. ஆனால் அந்தக் கண்ணில் எல்லாம் புகையாகத் தெரிகிறது என்றாள். அந்த நாட்களில் நான் ஒரு சொல்லையும் கிளறவில்லை. அகராதியைத் தொடவே பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் வெளிச்சத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். வெகுநேரம் கழித்து, இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்து என் கையில் வைத்தாள். அரிசி நிறத்திலேயே ஒரு பொடிக்கல்.

"அக்கியில கல்லுங்க" என்றாள், கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே. "எந்தக் கடையில வாங்கினீங்க?"