அழுகுணி என்று என் பெயருக்குப் பக்கத்தில் போட்டவர்

சேகர் அண்ணன் போய்விட்டார். காலையில் நெஞ்சுவலி... அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் அவர் எலக்ட்ரிக்கல் செக்‌ஷன், நான் எடைமேடை. குரூப்பில் எல்லோரும் 'தங்கமான மனுஷன்' என்று எழுதுகிறீர்கள். என்னால் முடியாது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அவர் செய்த தாயம் ஆப் ஞாபகம் இருக்கும். நடுவில் சர்வர் கிடையாது, போனுக்குப் போன் நேராக ஆடுவது. இரண்டு போனும் ஆளுக்கொரு எண்ணை எடுத்துப் பூட்டி அனுப்பும். இரண்டு பூட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் சாவிகள் போகும். இரண்டு எண்ணையும் கூட்டித்தான் தாயம் விழும், இடையில் யாரும் மாற்ற முடியாது.

ஒரே ஓட்டை... எதிராளியின் எண்ணைப் பார்த்துவிட்டு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் தன் சாவியை அனுப்பாமல் நழுவிவிடலாம். அதற்கு அண்ணன் போட்ட சட்டம்: முப்பது விநாடிக்குள் சாவி வராவிட்டால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் 'அழுகுணி'.

ஆலைப் போட்டியில் அரையிறுதி, அவரோடுதான். நான் லீவில் திருமழபாடி வீட்டில் இருந்தேன். பூட்டு போனது, சாவி போகவில்லை. லீவு முடிந்து வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"டவர் போச்சுண்ணே."

"எல்லா அழுகுணியும் அதத்தான் சொல்லும் தங்கச்சி. சாவி வந்துச்சா, வரலியா?"

அதே மாதம் அவர் போன் சார்ஜ் இறங்கியபோது மட்டும் "மறுபடி போட்டுக்கலாம்". வெட்கமே இல்லை.

எடைமேடையில் உட்காருகிறவளுக்கு இந்தப் பெயர் வந்தால் என்ன ஆகும்? லாரி டிரைவர்கள் எடைச்சீட்டை இரண்டு தரம் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "அக்கா, இதுலயும் அழுகுணி ஆட்டம் இல்லியே?" அன்றைக்குப் பாத்ரூமில் போய் அழுதேன்.

பிறகு எங்கள் ஊர்க் கோயில் நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு மாடி, வாசல், கொள்ளிடக் கரை என்று அலைந்தார்.

"என்ன தங்கச்சி, உங்க வூட்ல ஒரு கோடுகூட வரல?"

"இப்ப புரியுதாண்ணே?"

உள்ளே வந்து பாயசம் இரண்டாவது தரம் கேட்டு வாங்கினார்.

அடுத்த வாரம் முப்பது விநாடி ஐந்து நிமிடமானது. ஏன் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. என் பெயரில் சிவப்பு அப்படியே. கேட்டபோதெல்லாம் "எடுத்துடுறேன், எடுத்துடுறேன்".

செய்தி கேட்டதும் ஆப்பைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. பட்டியல் நம் எல்லோர் போனிலும் இருக்கிறது... அதைத் திருத்தும் பாஸ்வேர்டு அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். மாலை வாங்கிவிட்டேன், வருகிறேன்.

போயிட்டு வாங்கண்ணே. நான் ஏமாத்தல.