கரண்ட் போகாத வீட்டில் செய்த பெட்டி

மதியம் இரண்டு நாற்பது. டி.வி. திரையில் முதலில் வந்தது ஒரு பட்டியல்: எங்கள் அலமாரியில் இருந்த நூற்றுப் பதினான்கு டி.வி.டி.களின் பெயர்கள், அகர வரிசையில். பிளேயரின் வயரைக் காலையிலேயே கழற்றியிருந்தேன். படங்கள் எல்லாம் பக்கத்து அறையில், கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அங்கிருந்து ஒரு நீலக் கேபிள் சுவரோரமாக டி.வி. வரை வந்தது.

அது 2012. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் மனைவியின் பெயரில் இருந்தது. சுரங்க அலுவலகத்தில் அவள் பெர்மனென்ட். நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தி இல்லாத நாள்களில் இணையத்தில் படித்துப் படித்து இந்தப் பெட்டியைச் சேர்த்தேன். ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் வெவ்வேறு காட்சியிலிருந்து எப்படி ஓடுகிறது என்று பிடிபட மூன்று நாள் ஆனது. ஹார்ட் டிஸ்கின் முள் இங்கும் அங்கும் தாவி, இரண்டு பேருக்கும் துண்டு துண்டாக எடுத்துத் தருகிறது. பெட்டியில் காதை வைத்தால் அது கேட்கும். மனைவியும் வைத்துப் பார்த்தாள்.

“எலி சுரண்டற மாதிரி இருக்கு” என்றாள்.

இணையத்தில் ஒருவர் ஒரு வழி எழுதியிருந்தார். வரும் தகவலை உடனுக்குடன் டிஸ்கில் எழுதாமல், சில நிமிடம் நினைவகத்தில் நிறுத்திவைத்து மொத்தமாக எழுதச் சொன்னால் வேகம் கூடும். கரண்ட் போகும் இடங்களில் செய்ய வேண்டாம் என்று கீழே ஒரு வரி. அது எனக்கில்லை என்று தாண்டிவிட்டேன். ஊரெல்லாம் மின்வெட்டில் கிடந்த அந்த வருடத்திலும், பழுப்பு நிலக்கரியை வெட்டி மின்சாரம் செய்யும் எங்கள் டவுன்ஷிப்பில் விளக்கு அணையவில்லை. எங்கள் பிளாக்கில் மெழுகுவத்தி பிறந்தநாளுக்கு மட்டும் வாங்கும் பொருள்.

மனைவியின் அண்ணன் பண்ருட்டியில் கல்யாண வீடியோ எடுப்பவர். ஒரு நாள் வந்தவர் டி.வி.யின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, டிவிடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேய் ஓட்டுதா?”

“கட்டிலுக்கு அடியில இருக்கு மச்சான்.”

குனிந்து பார்த்தார். “இதுல எத்தினி கல்யாணம் அடங்கும்?”

“முப்பது, நாப்பது.”

“அப்ப எனக்கும் ஒண்ணு செஞ்சி குடுங்க. பார்ட்டி வந்து உக்காந்துகினு அவங்க கல்யாணத்த அவங்களே பாத்துட்டுப் போவட்டும்.”

ஆவணியில் அவருடைய ஸ்டுடியோவில் ஒரு பெட்டி வைத்தேன். என் பெட்டியின் அமைப்புகளை அப்படியே அதில் நகலெடுத்தேன். கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. லைட்டும் ஃபேனும் அதில் ஓடின. பெட்டியை எந்த பிளக்கில் சொருகுவது என்று கேட்டார். எதில் வேண்டுமானாலும் என்றேன். அவர் சொருகியது இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில்.

மூன்றாவது வாரம், திருவதிகையில் ஞாயிறன்று எடுத்த கல்யாணத்தைத் திங்கள் காலை பெட்டிக்கு ஏற்றினார். முடிந்தது என்று திரை காட்டியதும் கேமரா கார்டுகளை அழித்தார். அப்போதே கரண்ட் போனது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாலையில் வேறொரு ரிசப்ஷனை அதே கார்டுகளில் எடுத்தார். செவ்வாய் காலை பெட்டியைப் போட்டபோது அது எழவில்லை. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை துபாய் கிளம்புகிறார். வீடியோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதற்கு வேறு பிரதி கிடையாது.

பதினொன்றே காலுக்கு மச்சான் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“கரண்ட் போவாத ஊருல வச்சிப் பாருங்க மாப்ள. அங்க பாதியில போச்சின்னா இன்னும் கெட்டுடும்.”

டிஸ்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டிச் சோதனையை ஓடவிட்டேன். மனைவி சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு வந்தாள். விவரம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணன் கடையில கரண்ட் போவும்னு உங்களுக்குத் தெரியாதாங்க? மின்வெட்டு நியூஸ் தினம் நீங்கதான அனுப்புறீங்க?”

அனுப்பியிருந்தேன். அதற்கு முந்தைய வாரம் பண்ருட்டியிலிருந்தே இரண்டு.

“வுடும்மா. தாலி இருக்குதான்னு மொதல்ல பாப்போம்” என்றார் மச்சான். சாப்பிட வரவில்லை. திரையில் நகரும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்குச் சோதனை முடிந்தது. எடுத்த வரிசையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மண்டப வாசல் இருந்தது. மேளம் இருந்தது. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தார். பெண் படியேறி வந்தாள். அடுத்த கோப்பு திறக்கவில்லை. பெயர் இருந்தது, எடுத்த நேரம், காலை ஏழு பன்னிரண்டு, இருந்தது. அளவு என்ற இடத்தில் பூஜ்யம். அதற்குப் பிந்தைய ஆறும் அப்படியே. கடைசியாக ஏறியவை நினைவகத்தில் காத்திருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. என்ன நடந்தது என்பதையும், அந்த வேகமான வழியைப் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

மச்சான், “ஏழு பன்னண்டுதான் முகூர்த்தம்” என்றார். செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அந்தக் கல்யாணத்தில் போட்டோ எடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீடியோவில் அந்த இடத்தை நிரப்ப, போட்டோக்காரரிடம் தாலி கட்டும் படங்கள் ஒன்பது இருந்தன.