பத்து கிலோமீற்றர் என்று பெட்டியில் போட்டிருக்கும்

வோக்கிடோக்கி விற்பவர்கள் நாள் முழுக்க ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லவேண்டும்: "இது எவ்வளவு தூரம் கேட்கும்?" கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், என் பாடு உங்களுக்கு விளங்கும்.

தொண்ணூறுகளில் நான் நின்றது இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த வேட்டைச் சாமான் கடை. கடைச் சொந்தக்காரி சிஞோரா கார்மேலாவின் வீட்டைத் துடைக்கப் போனவள் நான். அவவின் மனுசன் இடுப்பு உடைந்து படுத்ததும் என்னைக் கடைக்குக் கூட்டி வந்துவிட்டா. துவக்கும் தோட்டாவும் அவவின் பொறுப்பு, வோக்கிகள் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மீனோ இறைச்சியோ தொடாத நான், பன்றி வேட்டைக்கு எது தோது என்று ஆட்களுக்குப் புத்தி சொன்னேன்.

கடலா, காடா?

ஆரம்பத்தில் பெட்டியில் இருந்ததை அப்படியே ஒப்புவித்தேன். பத்து கிலோமீற்றர் கேட்கும் என்றேன். வாங்கியவர்கள் திங்கட்கிழமை திரும்பி வந்து, அடுத்த மேட்டைக்கூடத் தாண்டவில்லை என்று கத்தினார்கள். ஒருநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நானும் சிஞோராவும் ஆளுக்கொரு வோக்கி செற்றோடு கடற்கரைக்குப் போனோம். கரையோரமாக நடந்து தூர விலகியும் அவவின் குரல் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது. கல்வீடுகள் நெருங்கிய ஒழுங்கைக்குள் திரும்பினேன், வெறும் இரைச்சல். காட்டில் மரமும் மலையும் இதைத்தானே செய்யும்?

அதன் பிறகு வாடிக்கையாளரிடம் முதலில் கடலா, வெளியா, காடா என்று கேட்பேன். காடு என்றால் ஒன்றரைக் கிலோமீற்றர்தான் என்பேன்; நீள அன்ரெனா உள்ளது, உபரிப் பற்றரி, காட்டு விளிம்பில் வைத்து ஒருதரம் சோதனை. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட வயதான வேட்டைக்காரர் ஒருவர் சிஞோராவைப் பார்த்துச் சொன்னார்: "பெட்டி பத்துக் கிலோமீற்றர் எண்டுது, இந்தப் பிள்ளை ஒண்டரை எண்டுது. நான் பிள்ளையை நம்பி வாங்கிறன். ஏமாந்தாலும் கிட்டடியிலைதான் ஏமாறுவன்."

இடப்பக்கம் போகுது

சால்வோ என்றொருவர் முயல் வேட்டைக்குப் போகிறவர். கூட்டாளியும் அவரும் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊருக்கு மேலே உள்ள மலையில் ஆளுக்கொரு பக்கமாக நின்றிருக்கிறார்கள். திடீரென்று வோக்கியில், "பெரிசு, இடப்பக்கம் போகுது, விட்டிடாதை" என்று ஒரு குரல். சால்வோ முள்ளுப் பற்றைக்குள் இடப்பக்கமாகப் பாய்ந்தார். "இப்ப வலப்பக்கம்" என்றது குரல். வலப்பக்கம் பாய்ந்தார். கைகாலெல்லாம் கீறல். கடைசியில் "வலையை இழு" என்று கேட்டபோதுதான், கீழே கடலில் மீன்பிடிக்கிறவர்களும் அதே சனலில் கதைக்கிறார்கள் என்று விளங்கியதாம்.

செற்றைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சனல் மாற்றும் விதத்தைக் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். முள்ளுக் கீறலைத் தடவியபடி சால்வோ சொன்னார்: "மீன் நல்லாத்தான் ஓடிச்சுது, நான்தான் இளைச்சுப் போனன்."

தம்பி கடைக்கு வந்தது

என் தம்பி சிவா ஊரிலிருந்து வந்து சேர்ந்த புதிது. அவனைப் பார்க்காமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேலை முடிய என்னைக் கூட்டிப்போக ஒரு பின்னேரம் கடைக்கு வந்தான். அந்த நேரம் பச்சை உடுப்போடு மூன்று வேட்டைக்காரர்கள் வோக்கிகளைச் சோதித்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் ஆமிச் சோதனைச் சாவடியில்போல இரைச்சலும் அதட்டலும் ஒன்றாகக் கேட்க, தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். ஒருத்தரும் கேட்காமலே பையிலிருந்து பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக் கடதாசியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

அந்த மூவரும் என்னைப் பார்த்தார்கள். அவன் என் தம்பி என்றேன். அவர்களில் மூத்தவர் அந்தக் கடதாசியை மெல்ல மடித்து அவன் சட்டைப் பையில் வைத்து, ஒரு வோக்கியைக் கையில் கொடுத்து, மற்றதோடு வெளியே போய் வணக்கம் சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே இத்தாலியச் சொல்லைச் சொன்னார்: "ச்சாவ்". தம்பியும் "ச்சாவ்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இஞ்சை இது முயல் பிடிக்க மட்டுந்தானோ?"

வாயாடியின் பற்றரி

அடுத்த ஒழுங்கையில் முடி வெட்டுகிற பினோ ஒரு வாயாடி. வேட்டைக்குச் செற் வாங்க வந்தவர் சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னதுதான் வேணும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் நீள அன்ரெனா உள்ளதைக் காட்டினேன். அவர் மனைவி லூச்சியா அதைத் தூக்கி அவர் கையில் திணித்ததால் வாங்கினார். உபரிப் பற்றரியை மட்டும் மேசையில் மறந்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு மலைக்காட்டில் பனிமூட்டம் இறங்கியது. கூட்டாளிகள் கீழே வந்துவிட்டார்கள், பினோவைக் காணவில்லை. லூச்சியா அழுதுகொண்டு சிஞோராவுக்கு ரெலிபோன் எடுக்க, லூச்சியா, சிஞோரா, நான் என மூவரும் ஒரு செற்றோடு காரில் போனோம். காட்டு விளிம்பில் வனக் காவலர் ஒருவர் செற்றில் "பினோ, எங்கை நிக்கிறாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "கால்..." என்று ஒரு துண்டுக் குரல் வரும், அறுந்துவிடும்.

காலையிலிருந்து கதைத்தே பற்றரியை முடித்திருப்பார் என்று எனக்கு உறைத்தது. சாகப்போகிற பற்றரி கேட்கவிடும், கதைக்கவிடாது. இதைக் கடையில் எத்தனை தரம் கண்டிருக்கிறேன். காவலரிடம் கேட்டு நான் கதைத்தேன். "சிஞோர் பினோ, மாலா கதைக்கிறன். வாயைத் திறக்காதேங்கோ. ஓம் எண்டால் பட்டனை ஒருக்கா அமத்துங்கோ, இல்லை எண்டால் ரெண்டு தரம். விளங்குதோ?"

இரைச்சல் ஒரு கணம் நின்று மறுபடி வந்தது: ஓம். லூச்சியா என் கையை இறுகப் பிடித்தா.

தண்ணி ஓடுற சத்தம் கேட்குதா? ஒருதரம் நின்றது. நடக்க முடியுமா? இரண்டு தரம். மலை ஊற்றுக்கு மேலேயா? இரண்டு தரம். "அப்ப கீழைப் பள்ளந்தான்" என்று காவலர் நாயோடும் கூட்டாளிகளோடும் இறங்கினார். இருட்ட முதல், கணுக்கால் வீங்கிய பினோவைத் தோளில் தாங்கி ஏற்றி வந்தார்கள்.

லூச்சியா அவரைக் கட்டிப்பிடித்து அழுது, கண்ணைத் துடைத்து, எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னா: "கலியாணம் கட்டின நாளிலையிருந்து, கேட்ட கேள்விக்கு நேரா ஓம், இல்லை எண்டு இந்த மனுசன் பதில் சொன்னது இண்டைக்குத்தான்."

இந்தத் தொழிலில், திங்கட்கிழமை கடைக்கு வந்து செற் சரியில்லை என்று சண்டை பிடிக்கிறவரைப்போல நல்ல வாடிக்கையாளர் கிடையாது, ஏனென்றால் அவர் திரும்பி வந்திருக்கிறார்.