மேலுறையில் எழுதிய மூன்றெழுத்து

வார்டில் எல்லோரும் அவளைத் ‘தெர்மாமீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்றபடியே எந்தக் கட்டிலில் காய்ச்சல் என்று சொல்லிவிடுவாள். முப்பத்தோரு வருட நர்ஸ் வேலை. ஓய்வு பெற்றபின், கடைசி நேரத்தில் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும்படி முதியோர் சங்கங்களில் பேசிவந்தாள். போன மாதம் அறுபது பேர் கூட்டத்தில், எழுதியவர்கள் கை தூக்குங்கள் என்றாள். நான்கு கைகள். விசாரித்தால் நான்கும் வீட்டைப் பங்கு பிரித்த சமாசாரம்.

அவள் பேச்சைக் காதில் வாங்கி எழுதியது அக்கா ஒருத்திதான்.

அந்த அக்கா இப்போது தொண்டையில் குழாயோடு கிடந்தாள். அதைப் பிடுங்கிவிடாதபடி இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இப்படி எத்தனையோ கைகளைக் கட்டியவள்தான் தங்கை. குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

“எத்தனை நாளா?”

“ஆறு நாள், சித்தி,” என்றான் அக்கா மகன். “உங்களுக்கு பிரஷர் ஏறிடும்னு சொல்லல.”

“என் பிரஷரை நான் பாத்துக்கறேன். அம்மா குடுத்த கவரை டாக்டர்கிட்ட காட்டினியா?”

கேட்கக் கூடாததைக் கேட்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். “அம்மா உயிரோட இருக்கும்போது அதை எப்படிப் பிரிக்கிறது? என் பொண்டாட்டி எடுத்துப் பாக்கலாமான்னா. வெக்கமா இல்லையான்னு திட்டிட்டேன்.”

“பிரிக்கக் கூடாதுன்னு யாருடா சொன்னது?”

“மேல ‘உயில்’னு எழுதியிருக்கே, சித்தி.”

மேலே அப்படி எழுதியது அக்கா இல்லை, தங்கையான அவளேதான். ‘மருத்துவ விருப்பம்’ என்பது நீளமாகப் பட்டது. மூன்றெழுத்தில் வேலையை முடித்திருந்தாள்.

அவன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். டாக்டர் இரண்டு முறை படித்தார். மீள வழியில்லை என்றால் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், அவ்வளவுதான்.

“மீள வழியில்லைன்னு மூணாம் நாளே இவர்கிட்ட சொல்லிட்டோம்,” என்றார் டாக்டர். “நான் இங்க வந்து எட்டு வருஷம் ஆச்சும்மா. இந்த மாதிரி காகிதம் இது ரெண்டாவது.”

“முதல்ல வந்தது?”

“ஆள் போனப்புறம் வந்துச்சு. உங்க கேஸ்ல இன்னொரு டாக்டரும் பாத்துக் கையெழுத்து போடணும். சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் குழாயை எடுக்க முடியாது.”

“சரி. கட்டையாவது அவிழ்த்து விடுங்க. கையை நான் பிடிச்சுக்கறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் வலது கை நிமிடத்துக்கு ஒரு தரம் தொண்டையை நோக்கி எழும்பியது. ஒவ்வொரு தரமும் அதைக் கீழே இறக்கி வைத்தாள். அக்கா மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். துணி கட்டியிருந்ததைவிட அவள் பிடி இறுக்கமாகவே இருந்தது.