இரண்டு பிரஸ், ஒரே இடம்

பட்டறையில் அவளைப் பொறுமையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலிக்கான வளைந்த பலகைகளைக் குளிர் பிரஸ்ஸில் செய்பவள் அவள். மெல்லிய மரத்தாள்களில் பசை தடவி, அச்சில் அடுக்கி, சக்கரத்தைச் சுற்றி இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். சூடு கிடையாது, அவசரம் கிடையாது. விடியும்வரை பசை தானாகப் பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே சூட்டு பிரஸ். அதன் கொதிக்கும் தட்டுகள் அழுத்தினால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பலகை தயார். அதை ஓட்டுபவர் அவள் புருஷன். "வீட்டுலயும் மாமா சூடு, நீங்க குளிரா அக்கா?" என்று கிண்டல் செய்யாத ஆளே இல்லை. அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்புக்கு வேட்டு வைத்தார் முதலாளி. பட்டறை சின்ன இடத்துக்கு மாறுகிறதாம். ஒரு பிரஸ்ஸுக்குத்தான் இடமாம். இரண்டிலும் ஒரு பலகை செய்து மூட்டை ஏற்றிப் பார்ப்போம், தாங்கும் பலகையின் பிரஸ்ஸும் அதை ஓட்டுபவரும் இருக்கட்டும் என்றார்.

அவளுக்குக் கவலையே இல்லை. சூட்டுப் பலகை சில சமயம் கொப்புளம் போடும். அவளுடையது ஒருநாளும் வாய் பிளந்ததில்லை. சாயங்காலம் மூச்சைப் பிடித்துச் சக்கரத்தை இறுக்கினாள். "நீதான் ஜெயிப்ப, பாரு. நீ கிளம்பு, நான் தட்டைத் துடைச்சுட்டு பூட்டிட்டு வர்றேன்" என்றார் புருஷன். பட்டறைச் சாவி எப்போதும் அவரிடம்தான்.

மறுநாள் சக்கரம் இறுக்கமாகவே இருந்தது. புருஷன் பலகை எல்லா மூட்டையையும் தாங்கியது. ஆனால் இரண்டாவது மூட்டைக்கே அவள் பலகை படீரென்று பிரிந்தது. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், அவளுக்குக் கை தளர்ந்துபோச்சு" என்று முதலில் பரிந்து பேசியவர் புருஷன்தான்.

அவள் குனிந்து துண்டுகளை எடுத்தாள். நன்றாக ஒட்டிய பலகை உடைந்தால் மரம் நார்நாராகக் கிழியும். இதில் ஒரு நார்கூடக் கிழியவில்லை. பசை இரு பக்கமும் பளபளவென்று தனித்தனியாகக் காய்ந்திருந்தது. பசை ஈரமாக இருக்கும்போதே யாரோ சக்கரத்தைத் தளர்த்தி, காலையில் திரும்ப இறுக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! துண்டுகளை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை அவர் முன்னால் போட்டாள். அவர் மறுக்கவில்லை.

"பொண்டாட்டி வேலைக்குப் போக நான் வீட்டுல உக்காந்திருந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"கேட்டிருந்தா நானே விட்டுக் கொடுத்திருப்பேனே! வேலை போனா போகட்டுங்க. என் கை தளரலைன்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவ எழுந்தார். சரி, விடிந்ததும் சொல்லிவிடுவார் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தாள்.

கண் விழித்தபோது, தினமும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போகும் அவர் சைக்கிள் வாசலில் இல்லை.