ஆரியங்காவு மலைப்பாதையும் என் காரின் இடது வலதும்

பழைய காரில் குற்றாலம் போய், அப்படியே ஆரியங்காவு வழியாகக் கேரளா இறங்கலாமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். போன ஜூலை, சாரல் நேரத்தில் போய்வந்தேன். போகலாம். ஆனால் நான் கிளம்பியதுபோலக் கிளம்பாதீர்கள்.

என்னுடையது 86 மாடல். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் ஒரு பக்கம் துருவேறி இறுகிவிட்டது. பிற்கால மாடல் ஒன்றின் பெரிய கேலிப்பர் இரண்டை வாங்கி, மதுரையில் வீட்டு வாசலில் வைத்து நானே மாட்டினேன். அன்றிலிருந்து பெடல் பஞ்சாக அமுங்கியது. மூன்று மிதி மிதித்தால்தான் வண்டி நிற்கும். பிரேக் பேடு மாற்றினேன், மாஸ்டர் சிலிண்டர் மாற்றினேன், பெடல் மட்டும் மாறவில்லை. எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

மனைவி மீனா இந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "புனலூர் அக்கா வீட்டுக்கு இதுலயே போவோம். மலையில ஒழுங்கா பிரேக் பிடிச்சா வண்டி இருக்கட்டும். இல்லைன்னா வந்ததும் வித்துரணும்" என்றாள். எங்கள் தெருவிலேயே ஒருவர் வாங்கக் காத்திருந்தார். ரோஷத்தில் தலையாட்டிவிட்டேன்.

காலை 5.30க்குக் கிளம்பினோம். தென்காசி 160 கிலோமீட்டர். கடையநல்லூரில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. மிதித்த மிதியில் ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் மிஞ்சியது. மீனாவின் வலது கால் அவள் பக்கத்துத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பிரேக் இல்லையே என்றேன். "உங்க பக்கம் மட்டும் இருக்காக்கும்?" என்றாள்.

9.10க்குத் தென்காசி. டீக்கடையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் டெம்போக்காரர், "பழைய வண்டிக்குப் புது கேலிப்பர் சேராது அண்ணாச்சி" என்றார். டீ மாஸ்டர், "சாரல்ல ஈரம் எறங்கிருக்கும், வெயில்ல போடுங்க" என்றார். வெயிலுக்கு நான் எங்கே போவது? ஒவ்வொருவர் பேச்சையும் ஐந்து நிமிடம் முழுசாக நம்பினேன்.

கடைசியில் குற்றாலம் ரோட்டிலுள்ள இசக்கி என்பவரின் பட்டறையைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. சீசனில் அவர் அருவியில் குளித்துவிட்டு வந்துதான் கடை திறப்பாராம். பத்தரைக்கு ஈரத்தலையும் தோளில் துண்டுமாக வந்தார். முப்பது வயது இருக்கும். சக்கரத்தைக் கழற்றிய கையோடு கேட்டார், "இத மாட்டுனது யாரு அண்ணாச்சி?"

"மதுரையில ஒரு மெக்கானிக்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"அவனுக்கு எடது வலது தெரியலயே! காத்து மேலதான ஏறும்? அத வெளியேத்துத திருகு மேல இருக்கணும். இங்கன பாருங்க, கீழ தொங்குது. எத்தன தடவ பிரேக் ஆயில் மாத்தினாலும் காத்து உள்ளயேதான் கெடக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. மாட்டுவதற்கு முன்னால் சாக்பீஸால் இடது, வலது என்று கேலிப்பர்களில் எழுதியது நான்தான். எழுதும்போது காரை எதிரே பார்த்து நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்து ஓட்டுபவனின் இடது அல்லவா காரின் இடது!

மீனா வாயைத் திறந்தாள். "அந்த மெக்கானிக் அன்னைக்கு என் புதுத் துண்டுலதான் கையத் தொடச்சாரு தம்பி." இசக்கி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு மானம் போயிற்று.

இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டி, காற்றை வெளியேற்றினார். ஆயிலோடு சேர்த்து 950 ரூபாய். பெடல் கல்லாக நின்றது. பழைய கேலிப்பர் எங்கே என்று கேட்டார். எடைக்குப் போட்டுவிட்டதைச் சொன்னேன்.

"அடப்பாவமே! பிஸ்டனையும் சீலையும் மாத்தியிருந்தா அதுவே ஓடியிருக்கும்."

"அப்போ புதுசு மாட்டினது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? இதுவும் நல்லாத்தான் பிடிக்கும்."

சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

12.20க்குப் பட்டறையைவிட்டுக் கிளம்பி, ஆளில்லாத சாலையில் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தேன். செங்கோட்டை எட்டு கிலோமீட்டர், அதைத் தாண்டினால் புளியரை, பிறகு வளைவுகள். ஏறும்போது இரண்டு வளைவுவரை மீனாவின் கால் தரையை மிதித்தது. ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் திரும்பிப் பார்த்தால், இரண்டு காலையும் மடக்கி சீட்டில் சம்மணம் போட்டு, வழியில் வாங்கிய ரம்புட்டான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் போவதாக இருந்தால் ஊரிலேயே பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெடல் அமுங்கினால் மலையேறவே வேண்டாம், செங்கோட்டையிலிருந்து ரயில் இருக்கிறது. புதிதாக எதை மாட்டினாலும் பழையதை உடனே எடைக்குப் போடாதீர்கள். இடது வலது எழுதுவதானால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் தெருக்காரர் வண்டியைக் கேட்டு வந்தார். மீனாதான் வாசலுக்குப் போனாள்.

"வண்டியக் குடுக்குறதா இல்லைங்க. அதுக்கு ரிப்பேர் பாக்குற ஆளு உள்ள இருக்காரு, வேணும்னா அவரக் கூட்டிட்டுப் போங்க."